வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளைக்கு எங்கே வைத்தியம்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், பிள்ளைகளின் மனசு சம்பந்தமாக எதை வேண்டுமானாலும் கேட்டு எழுதுங்கள் என்று இரண்டே வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர் கிடையாது, ஊர் மட்டும் இருக்கிறது, சிலர் ஊரையும் எழுதிவிட்டு வெட்டி அடித்திருக்கிறார்கள். மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் 17 வருஷம் உளவளத்துணை (கவுன்சிலிங்) ஆசிரியையாக இருந்தவள் நான். இந்தப் பயம் எனக்குப் பழக்கமானதுதான். எல்லாக் கடிதங்களையும் வாசித்துவிட்டேன், இடம் போதாததால் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: டீச்சர், எனக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சை நான் நினைத்த மாதிரி எழுதவில்லை. அதற்கு முதலிருந்தே இரவில் தூக்கம் இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. செத்துப்போனால் நல்லது என்று அடிக்கடி தோன்றுகிறது. வீட்டில் சொல்ல ஏலாது. ஆசுபத்திரிக்குப் போனால் பொலிஸுக்கு அறிவிப்பார்களா? – பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில்: மகள், உன் கடிதத்தை முதலில் போடச் சொன்னது நான்தான். இதழ் அச்சாகி உன் கைக்கு வருவதற்கு நாளாகும், அந்த நாட்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அதனால் முதலில் ஒரு வேலை செய். இதை வாசித்ததும் 1926க்கு அழைப்பு எடு. அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். எடுப்பவர் சிங்களத்தில் ஆரம்பித்தால் பயந்து வைத்துவிடாதே, "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லு. பிள்ளைகளுக்கு என்றே 1929 இருக்கிறது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினுடையது, காசு போகாது. உனக்கு நீயே ஏதாவது செய்துகொள்வாய் போல இருந்தால், அல்லது ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால், 1990 அம்புலன்ஸைக் கூப்பிடு, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களை எழுப்பு, நடு ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை.

பொலிஸ் விஷயம். இப்படி நினைப்பு வருவது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டமும் இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இது நம் ஆட்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. வழக்கு வரும், பேர் கெட்டுப்போகும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே மூடி மறைத்துப் பிள்ளையை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன, அதனால்தான் ஆண்டைப் போட்டு எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்றை மறைக்கவும் விரும்பவில்லை. நீ வைத்தியரிடம் போனால், நீ சொல்வதில் பெரும்பகுதி அவரோடு இருக்கும். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று அவருக்குத் தோன்றினால் உன்னைப் பார்த்துக்கொள்ளக்கூடிய பெரியவர் ஒருவருக்குச் சொல்லத்தான் செய்வார். அந்தப் பெரியவர் யார் என்பதை நீயே தேர்ந்துகொள்ளலாம். அம்மா அப்பாவிடம் ஏலாது என்றால் சித்தியோ அத்தையோ, முன்பு படிப்பித்த டீச்சரோ, யாராவது ஒருவர். வாய் திறந்து சொல்ல வராவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து, உன் கேள்வியின் கீழே பேனையால் ஒரு கோடு போட்டுக் கையில் கொடு. அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. பரீட்சை திரும்ப எழுதலாம், அதைப் பற்றிப் பிறகு நிதானமாகப் பேசுவோம், இப்போது அது அவசரமில்லை.

இதை வாசிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கி வைத்த மருந்து, களைக்கொல்லி, பாட்டியின் பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவில் உலகத்திலேயே தற்கொலை மிக அதிகமாக நடந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. பிறகு கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யத் தடைசெய்ய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. சாக வேண்டும் என்ற நினைப்பு உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கு எட்டாவிட்டால் பிள்ளை பிழைத்துவிடும். பிள்ளையிடம் "சாக வேண்டும் போல இருக்கிறதா" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஒருவராவது கேட்டாரே என்றுதான் பிள்ளைகள் அழுவார்கள்.

கேள்வி: என் மகள் குவைத்துக்குப் போய் ஒன்றரை வருஷம். 11 வயதுப் பேரன் என்னோடு இருக்கிறான். ஆறு மாதமாகக் காலையில் பாடசாலைக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிடுகிறான். டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் இல்லை என்றார்கள். கோடாங்கி பார்த்துக் கயிறும் கட்டியாச்சு. நடிக்கிறான் என்று மாமன்காரன் அடிக்கிறான். என்ன செய்ய? – ஒரு அம்மாயி, பொகவந்தலாவைப் பக்கம் (பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்தது)

பதில்: அம்மா, முதல் வேலையாக உங்கள் மகனிடம் அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பேரன் நடிக்கவில்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தம் கிடையாது. பயமும் ஏக்கமும் வயிற்றைப் பிடித்துப் பிசையும், பெரிய ஆட்களுக்கே நல்லது கெட்டதுக்கு வயிறு கலக்குகிறது, 11 வயதுப் பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும். "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்ல அந்த வயதில் வார்த்தை வராது, வயிறுதான் பேசும், சில பிள்ளைகளுக்குத் தலைவலியாக, சிலருக்கு மூச்சு முட்டலாக, இன்னும் சிலருக்குப் பெரிய பிள்ளையான பிறகும் படுக்கையை நனைப்பதாக வரும்.

பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள். ஆளை அடையாளம் தெரியாமல் சொல்கிறேன். வலி எங்கே, எப்படி என்று எல்லாரும் அவனிடம் கேட்டு முடித்திருந்தார்கள். நான் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான், முனை உடைந்தது, திரும்பச் சீவினான், பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்: "அம்மாயி கொழுந்தெடுக்க மலைக்குப் போகக் கதவுக் கொண்டியப் போடுற சத்தம் கேட்டதும்." அவனுடைய அம்மா வெளிநாடு போனது ஒரு விடியற்காலை, அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது. அழுவான் என்று எழுப்பாமல் போய்விட்டார். அன்றைக்கு அவன் அரைத் தூக்கத்தில் கேட்டதும் அதே கொண்டிச் சத்தம்தான். பாடசாலைக்குப் போய்த் திரும்பி வரும்போது அம்மாயியும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அவன் ஒவ்வொரு நாள் காலையிலும் பயந்திருக்கிறான், அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

உங்கள் பேரனுக்கும் இதே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சனி ஞாயிறில் வலி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பாடசாலையில் யாராவது அடிக்கிறார்களா, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களா, வான்காரர், அண்ணன்மார், வாத்தியார் என்று யாரையாவது கண்டு பயப்படுகிறானா என்று மெதுவாகக் கேளுங்கள். குறுக்கு விசாரணை மாதிரி உட்கார வைத்துக் கேட்க வேண்டாம். ரொட்டி தட்டும்போது, தண்ணிக்குப் போகும்போது, முகத்தைப் பார்க்காமல் கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள்.

மகளோடு பேசுங்கள். நினைத்த நேரம் அழைப்பு எடுப்பதைவிட, வாரத்தில் இந்த நாள் இந்த நேரம் என்று ஒன்றை வைத்து அதைத் தவறவிடாமல் எடுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷம் போதும். திரும்பி வரும் மாதம் தெரிந்தால் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லட்டும். "அழுதால் அம்மா வர மாட்டா" என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. நீங்கள் காலையில் மலைக்குக் கிளம்பும்போது அவனை எழுப்பி, போகிறேன், கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி வைத்தியம். டிஸ்பென்சரி ஐயாவிடமோ, தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடமோ (மிட்வைஃப்), அல்லது நேரடியாக டிக்கோயா ஆதார வைத்தியசாலை ஓபிடியிலோ, "பிள்ளையை மனநல வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும், கிளினிக் எந்தக் கிழமை" என்று கேளுங்கள். ஆதார வைத்தியசாலை மட்டத்தில் மனநலத்துக்கென்று பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகளை நியமிப்பது 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கைக்குப் பிறகு நாட்டில் பரவலான ஏற்பாடு. பிள்ளைகளுக்கென்றே படித்த விசேட மனநல வைத்தியர்கள் மிகக் குறைவு, அவர்களும் பெரிய நகரத்து வைத்தியசாலைகளில்தான் இருப்பார்கள், தேவைப்பட்டால் இவரே துண்டு எழுதி அனுப்புவார். ஆலோசனைக்கும் மருந்துக்கும் அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை. ஆனால் உங்களுக்கு ஒரு நாள் பேர், அந்த நாள் சம்பளம், போகும், பஸ் காசு போகும், முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நம்பர் கிடைக்கும். இதெல்லாம் லேசான விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே தடவையில் முடியாது, மூன்று நான்கு தடவை போக வேண்டி வரும் என்பதையும் இப்போதே தெரிந்துகொண்டால் இரண்டாம் தடவை சலிப்பு வராது. பழைய மருந்துத் துண்டு, ஸ்கேன், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வகுப்பாசிரியரிடம் எத்தனை நாள் வரவில்லை என்று எழுதி வாங்கிப் போனால் வைத்தியருக்கு அது பெரிய உதவி.

பாஷை ஒரு பெரிய தடைதான். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ வேண்டும் என்று கேளுங்கள், தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, கேட்பது உங்கள் உரிமை. பேரனையே மொழிபெயர்க்கச் சொல்லிவிடாதீர்கள். தன் வேதனையைத் தானே இன்னொரு பாஷையில் விளக்கும்போது பிள்ளை பாதியை முழுங்கிவிடும்.

பாடசாலைக்கு ஒரேயடியாக அனுப்பாமல் முதல் வாரம் இடைவேளை வரைக்கும், அடுத்த வாரம் கொஞ்சம் கூட என்று அதிபரோடு பேசி அனுப்பலாம். வீட்டிலேயே வைத்திருந்தால் பயம் நாளுக்கு நாள் பெருகும். கயிறு கையில் இருக்கட்டும், அவிழ்க்க வேண்டியதில்லை. கோடாங்கியிடம் போனதற்காக யாராவது உங்களைத் திட்டினால் மனம் நோகாதீர்கள், பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதானே போனீர்கள். வைத்தியமும் சேர்ந்து நடக்கட்டும்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. காதில் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லிப் பதுளை வைத்தியசாலையில் காட்டி மாத்திரை தருகிறார்கள். இப்போது நல்ல மாதிரி இருக்கிறான். இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவான், நிறுத்திவிடு என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? – ஒரு தகப்பன், பசறை.

பதில்: நிறுத்த வேண்டாம் அண்ணன். நல்ல மாதிரி இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான். இந்த வகை மாத்திரைகள் போதை தருபவை அல்ல, இடையில் சட்டென்று நிறுத்தினால் அந்தச் சத்தங்கள் முன்னைவிட மோசமாகத் திரும்பி வர இடமுண்டு. உடம்பு பருக்கிறது, பகலெல்லாம் தூங்கி விழுகிறான், கை கால் இறுகுகிறது, நடுங்குகிறது என்றால் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார் அல்லது மாற்றித் தருவார். கிளினிக் நாளில் உங்களுக்குப் போக முடியாவிட்டால் மருந்து முடிவதற்கு முதலே வேறு யாரையாவது கொப்பியோடு அனுப்புங்கள். லயத்து ஆட்கள் "அங்கொடைக் கேஸ்" என்று பேசுவதும் எனக்குத் தெரியும். அங்கொடையில் இருப்பது தேசிய மனநல நிறுவகம், மற்ற ஆசுபத்திரிகள் மாதிரி ஒரு ஆசுபத்திரி, அங்கே வைத்தியம் பார்த்து வீட்டுக்கு வந்து வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் மகன் அங்கே போகத் தேவையே வரவில்லை, பதுளையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதில் நீங்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை.

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்கு நான்தான் பொறுப்பு, ஆனால் வாரத்துக்கு முழுப் பாடவேளையும் கணிதம் படிப்பிக்கிறேன். பயிற்சி என்று சில நாட்கள் செமினார் மட்டும்தான். பிள்ளைகள் வந்து சொல்லும் விஷயங்களைக் கேட்டால் எனக்கே தூக்கம் வருவதில்லை. என்னால் என்ன செய்ய முடியும்? – ஒரு ஆசிரியர், லிந்துலை.

பதில்: சேர், உங்கள் கடிதத்தை வாசித்தபோது என் பழைய அறைதான் ஞாபகம் வந்தது. உளவளத்துணை அறை என்று கதவில் பலகை மாட்டியிருந்தது, உள்ளே பாதி இடத்தில் வலைப்பந்தும் கோல் கம்பமும் சோக் பெட்டிகளும் அடுக்கியிருந்தன. ஒருநாள் தரம் 9 பிள்ளை ஒன்று, வீட்டில் ஒரு ஆள் தன்னிடம் தப்பாக நடப்பதைச் சொல்ல ஆரம்பித்து, "அவரு ராவைக்கு" என்றது, அந்த நேரம் ஒருவர் சோக் எடுக்க உள்ளே வந்தார். நிமிஷம்கூட நிற்கவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிள்ளை பாவாடை மடிப்பை விரலால் நீவிவிட்டு, "ஒண்ணுமில்ல மிஸ்" என்று எழுந்து போனது. மீதியைச் சொல்ல அதற்கு நான்கு மாதம் எடுத்தது. அந்த நான்கு மாதத்தையும் அது அதே வீட்டில்தான் கழித்தது. அதற்குப் பிறகு நான் அதிபரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய, வெளியிலிருந்து ஆள் இருப்பது மட்டும் தெரியும்படி கண்ணாடி வைத்த ஒரு கதவு. நீங்களும் முதலில் அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். உயிராபத்து, துஷ்பிரயோகம் இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பேச ஆரம்பிக்கும் முன்பே பிள்ளைக்குத் தெளிவாக்கிவிடுங்கள். துஷ்பிரயோகம் என்றால் 1929, அல்லது பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். நீங்களே துப்புத் துலக்கப் போக வேண்டாம், குடும்பத்தைக் கூப்பிட்டுச் சமரசமும் வேண்டாம்.

மூன்றாவது உங்களைப் பற்றியது. பீகார் மாநிலத்து நாலந்தா மாவட்டப் பாடசாலைகளில் செய்த ஒரு பெரிய ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. பாடசாலைச் சூழலை மாற்றும் ஒரே திட்டத்தைச் சில பாடசாலைகளில் அங்குள்ள ஆசிரியர்களிடமும், சிலவற்றில் அதற்கென்றே பயிற்சி கொடுத்து நியமித்த சாதாரண ஆலோசகர்களிடமும் ஒப்படைத்தார்கள். ஆலோசகர் இருந்த இடங்களில் பிள்ளைகளின் மனச்சோர்வும் அடிதடியும் கேலி செய்து வதைப்பதும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பாடசாலைகளில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. ஆசிரியர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் கணக்குப் பிழைத்ததற்கு ஏசிய அதே ஆளிடம் பின்னேரம் வந்து மனசைத் திறக்கப் பிள்ளைக்குக் கஷ்டம், முப்பது பாடவேளையும் எடுத்துவிட்டு இதையும் சுமக்க உங்களுக்கும் கஷ்டம். அதனால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதும்போது பாடவேளையைக் குறையுங்கள் என்பதோடு நிற்காமல், இந்த வேலைக்கென்றே ஒரு ஆள், இரண்டு மூன்று பாடசாலைக்குச் சேர்த்தாவது ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள். அதுவரைக்கும், பிள்ளைகள் சொன்னது மனதில் கனக்கிற நாளில் பெயர் சொல்லாமல் இன்னொரு பாடசாலை உளவளத்துணை ஆசிரியரோடு பேசுங்கள். நான் அப்படிப் பேசித்தான் 17 வருஷம் தாக்குப்பிடித்தேன்.

கேள்வி: மழை பெய்தால் என் மகள் (9 வயது) தூங்குவதே இல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மண் சரியும் என்று போன வருஷம் எங்களை லயத்திலிருந்து எழுப்பி ராவோடு ராவாகக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகுதான் இப்படி. – ஒரு தாய், ஹல்துமுல்லை.

பதில்: உங்கள் பக்கத்து ஆட்களுக்கு மண்சரிவு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை தங்கச்சி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனதைப் பார்த்த தலைமுறை உங்களுடையது, பிள்ளைகள் அதைக் கதையாகக் கேட்டே வளர்கிறார்கள். மகளின் பயம் காரணமில்லாத பயம் அல்ல, அதனால் "ஒன்றும் ஆகாது, படு" என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நீங்களே பயந்துதான் இருக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். சப்பாத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள், கதவோரம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பை, டோர்ச், அவளுடைய கொப்பி ஒன்று. எச்சரிக்கை வந்தால் யார் எழுப்புவார்கள், எந்த வழியால் போவோம், தம்பியை யார் தூக்குவது என்று பகல் வெளிச்சத்தில் ஒருதரம் நடந்து காட்டுங்கள். "நான் முழிச்சிருக்கேன், நேரம் வந்தா நான் எழுப்புவேன், நீ தூங்கு" என்று சொல்லுங்கள். காவல் இருக்கும் வேலையை அவள் தன் தலையில் எடுத்துக்கொண்டிருக்கிறாள், அதை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். வரைய விட்டால் மலையையும் மண்ணையும் வரைவாள், வரையட்டும். இப்படி ஆரம்பித்து இவ்வளவு காலம் ஆகிவிட்டதால், மழை இல்லாத நாளிலும் திடுக்கிட்டு எழும்புகிறாள், அந்த நினைவே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இன்னும் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள், இதற்கு மாத்திரை இல்லாமல் பேச்சு மூலமே நல்ல வைத்தியம் இருக்கிறது.

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. இன்னும் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்கிறார்கள். – கம்பளை.

பதில்: காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே மருத்துவமாதுவிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டோடு போய்ச் சொல்லுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு வளர்ச்சியைப் பார்ப்பார்கள். உங்களுக்குப் பேராதனை சிறுவர் வைத்தியசாலை பஸ்ஸில் போகும் தூரம்தான், துண்டு வாங்கிக்கொண்டு போகலாம். கைபேசியைக் குறைத்துவிட்டு அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடுங்கள். இந்த வயதில் ஆரம்பிக்கும் பயிற்சிக்கும் ஏழு வயதில் ஆரம்பிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இளைஞர் கழகம் நடத்துகிறோம். இரண்டு வருஷத்தில் எங்களுக்குத் தெரிந்த மூன்று பிள்ளைகள் பாடசாலையை விட்டு, வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிறார்கள். அடுத்த தடவை அரசியல்வாதி வந்தால் பந்தும் வலையும் கேட்பதற்குப் பதிலாக இதைக் கேட்கலாம் என்று இருக்கிறோம். சரியாக என்ன கேட்பது? – புசல்லாவை.

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காக உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பந்தையும் கேளுங்கள், அதுவும் வேண்டும்தான். மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குகிறது என்றும், 10 முதல் 19 வயது வரையானவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பில் 35 பேர் இருந்தால் ஐந்து பேர். இவ்வளவு பேரையும் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ அனுப்பி விசேட வைத்தியரிடம் காட்டுவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே வைத்தியம்தான் மலை ஏறி வர வேண்டும்.

கேட்க வேண்டியது முதலில் நாள். உங்களுக்குக் கிட்டிய பிரதேச வைத்தியசாலைக்கு மனநல வைத்திய அதிகாரி மாதத்தில் குறிப்பிட்ட ஒரு நாள் வர வேண்டும், அந்த நாள் மாறக்கூடாது, பாடசாலை விட்டபிறகும் பார்க்கும்படி நேரம் இருக்க வேண்டும், தமிழ் பேசும் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். இளம் பிள்ளைகளுக்காகச் சுகாதார அமைச்சு "யோவுன் பியச" என்ற பெயரில் வைத்தியசாலைகளில் நிலையங்கள் வைத்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது, அங்கே தமிழில் பேச ஆள் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் ஆலோசனை நல்லதுதான், ஆனால் ஒரு லயத்துக் காம்பராவில் ஆறு பேருக்கு நடுவில், அப்பாவின் போனில், சிக்னலுக்காக வாசலில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை எதைப் பேச முடியும்? அதனால் ஆள் நேரில் வருவதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது பயிற்சி. ஸிம்பாப்வே நாட்டில் 2006இல் ஒரு மனநல வைத்தியர், டிக்ஸன் சிபாண்டா என்பவர், தன்னைப் போன்ற வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்ததால், கிழவிகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கிளினிக் முற்றத்தில் மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். மனப்பாரம் உள்ளவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள், பாட்டிமார் ஒரு பிரச்சினையை எடுத்து அதற்கு மட்டும் வழி தேடக் கூட இருந்தார்கள். பலன் கிடைப்பதை ஆய்வு செய்தும் நிரூபித்தார்கள். நம் தோட்டத்தில் சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவர்களும் மருத்துவமாதுவும் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி அறிவார்கள், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கச்சிமார் எத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒழுங்கான பயிற்சியும் மாதாமாதம் வைத்தியரோ தாதியோ மேற்பார்வை பார்ப்பதும், செய்கிற வேலைக்குக் கொடுப்பனவும் வேண்டும் என்று கேளுங்கள். மேற்பார்வையை எழுத மறக்காதீர்கள். அது இல்லாமல் ஒரு நாள் பட்டறை வைத்து, சான்றிதழ் கொடுத்து, படம் பிடித்துவிட்டுப் போவார்கள், பிறகு கடுமையான நோயோடு வரும் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தங்கச்சிதான் தனியாகத் தவிக்கும்.

மனநோய்க்கான நம் சட்டம் 1873இல் வெள்ளைக்காரன் போட்டது, அதை அடிப்படையாக வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறோம். புதுச் சட்டம் பற்றிக் கதைக்கிறவர்களிடம் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

அந்த மூன்று பிள்ளைகளுக்காகக் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்களில் அவர்களோடு முன்பு விளையாடிய ஒருவர் போய், புத்திமதி ஒன்றும் சொல்லாமல், வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், அடுத்த கிழமையும் போங்கள். பெற்றோரிடம் கிளினிக் நாளைச் சொல்லி, அன்றைக்குக் கூட வர ஒரு ஆள் தருகிறோம் என்று சொல்லுங்கள். கோரிக்கைக் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒரு பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் ஒன்றைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கொடுத்து, வாங்கியதற்குக் கையொப்பமும் திகதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிங்களப் பிரதியை எழுத ஆள் கிடைக்காவிட்டால் தமிழ்க் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.